வாயுள்ள பிள்ளை மட்டும்தான் பிழைக்குமா?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஒரு பழமொழி. அதற்கு ஒரு டை கட்டிவிட்டு, கையில் மைக்கையும் கொடுத்து மேடையில் ஏற்றினால், அதுதான் இன்றைய 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பு!

இறுதியாண்டு தொடங்கியதும் பொறியியல் கல்லூரிகளில் இந்த வகுப்புகள் வரிசை கட்டி வரும். செமினார் ஹாலில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவார். "நாளைக்கு நீங்கள் எல்லாரும் லீடர்ஸ். மீட்டிங்கில் வாயைத் திறக்காதவன் வளரவே முடியாது. முதல் ஐந்து நிமிடத்துக்குள் பேசிவிடு. நிமிர்ந்து உட்கார். கண்ணைப் பார்த்துப் பேசு. குரலை உயர்த்து" என்பார். கைதட்டல். டீ, பிஸ்கட். பிறகு பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஒரு குரூப் டிஸ்கஷன். முதலில் ஆரம்பித்தவனுக்கு மதிப்பெண். முடித்து வைத்தவனுக்கு மதிப்பெண். நடுவில் அடுத்தவன் பேச்சை வெட்டிக்கொண்டு நுழைந்தவனுக்கு "நல்ல கான்ஃபிடன்ஸ்" என்று பாராட்டு. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு? பூஜ்யம்!

மேடைக் கூச்சத்தைப் போக்குவது நல்ல காரியம்தான். அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த வகுப்பு சொல்லாமல் சொல்லும் ஒரு விஷயம் இருக்கிறது. அதுதான் ஆபத்து. வேலையிடக் கூட்டத்தில் ஒருவர் குரல் கேட்கப்படவில்லை என்றால், குற்றம் முழுக்க அவருடையது. அவர் சத்தமாகப் பேசவில்லை, தைரியமாகப் பேசவில்லை, நல்ல ஆங்கிலத்தில் பேசவில்லை. கேட்க மறுத்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை! கதவைப் பூட்டி வைத்துவிட்டு, வெளியே நிற்பவனுக்குக் கதவு தட்டும் பயிற்சி கொடுப்பது போன்றது இது.

சத்தமாகப் பேசினால் கேட்பார்களா? உலகமே பார்த்த ஒரு கூட்டத்தின் கதையை எடுத்துக்கொள்ளலாம்.

பேசினார்கள்... கேட்டார்களா?

1986 ஜனவரி 27, இரவு. அமெரிக்காவின் மூன்று ஊர்களை இணைத்து ஒரு தொலைபேசிக் கூட்டம். ஒரு முனையில் யூட்டா மாநிலத்தில் மார்ட்டன் தயோக்கால் நிறுவனம். சேலஞ்சர் விண்ணோடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்தவர்கள் அவர்கள்தான். இன்னொரு முனையில் அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம். மூன்றாவது முனை ஃப்ளோரிடாவில், விண்ணோடம் நின்றுகொண்டிருந்த கென்னடி மையம். மறுநாள் காலை ஏவ வேண்டும். வானிலையோ உறைபனிக் குளிர் என்கிறது.

ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் 'ஓ-ரிங்' எனப்படும் ரப்பர் வளையங்கள் உண்டு. உள்ளே எரியும் வாயு வெளியே கசியாமல் அடைப்பது அவற்றின் வேலை. குளிரில் ரப்பர் இறுகிவிடும். சட்டென்று விரிந்து இடைவெளியை அடைக்காது. ரோஜர் பாய்ஸ்ஜாலி என்ற பொறியாளர் இதைப் பற்றி 1985 ஜூலை 31 அன்றே தன் நிறுவனத்துக்குள் எழுதிக் கொடுத்திருந்தார். உயிர்ச்சேதம் வரை போகும் என்று எச்சரித்திருந்தார். ஆக, அவர் அன்றைக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து பேசியவர் அல்ல. ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

அந்த இரவில் பாய்ஸ்ஜாலியும் அவருடைய சகபொறியாளர் ஆர்னி தாம்சனும் கடுமையாக வாதாடினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே (சுமார் 12 செல்சியஸ்) ஏவக்கூடாது என்பது தயோக்கால் பொறியாளர்களின் பரிந்துரை. முதலில் நிறுவனத்தின் அதிகாரபூர்வ நிலையும் அதுதான். கேட்ட நாசா அதிகாரிகள் கொதித்தார்கள். ஒருவர் இந்தப் பரிந்துரையைக் கேட்டுத் திகைத்துப் போனதாகச் சொன்னார். இன்னொருவர், அப்படியானால் ஏப்ரல் வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா என்ற பொருளில் கேட்டார்.

வாடிக்கையாளர் கோபப்பட்டால் கம்பெனி என்ன செய்யும்? தயோக்கால் ஐந்து நிமிட இடைவேளை கேட்டது. அது அரை மணி நேரம் நீண்டது. தொலைபேசி மௌனமாக்கப்பட்ட அந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. தாம்சன் மேலாளர்களிடம் போய் இணைப்பு எப்படி இருக்கும் என்று தாளில் வரைந்து காட்டினார். பாய்ஸ்ஜாலி முந்தைய பயணங்களில் கசிந்த புகைக்கரி படிந்த படங்களை எடுத்து நீட்டினார். யாரும் கேட்கவில்லை என்று புரிந்ததும் இருவரும் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பிறகு மூத்த அதிகாரி ஜெரி மேசன், பொறியியல் துறையின் துணைத் தலைவர் பாப் லண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான்கு மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்தார்கள். பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. லண்டும் மாறினார். ஏவலாம் என்று பதில் போனது.

கடைசியில், வேறு யாருக்காவது கருத்து உண்டா என்று நாசா தரப்பில் கேட்டார்கள். மூன்று ஊர்களிலும் அமைதி.

மறுநாள் ஏவப்பட்ட 73 வினாடிகளில் சேலஞ்சர் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப். விண்வெளியிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தக் கிளம்பிய பள்ளி ஆசிரியை.

இப்போது அந்தப் பயிற்சியாளரைக் கேட்க வேண்டும். பாய்ஸ்ஜாலியிடம் என்ன குறை? முதல் ஐந்து நிமிடத்தில் பேசவில்லையா? கண்ணைப் பார்க்கவில்லையா? ஆங்கிலம் தெரியாதா? தாய்மொழியே அதுதான்! ஆறு மாதம் முன்பே எழுத்தில் கொடுத்தார், படம் காட்டினார், வாதாடினார். ஒரு மனிதன் செய்யக்கூடிய அத்தனையும் செய்தார். அந்தக் கூட்டம்தான் அவரைக் கேட்கும்படி அமைக்கப்படவில்லை.

கூட்டத்தின் குற்றம் எங்கே?

அந்தக் கூட்டத்தில் மூன்று தவறுகள் இருந்தன. மூன்றும் இன்று எந்த அலுவலகத்திலும் பார்க்கக் கிடைப்பவை.

முதலாவது, நிரூபிக்கும் சுமை இடம் மாறியது. வழக்கமாக, "பாதுகாப்பானது என்று நிரூபி, பிறகு ஏவுகிறேன்" என்பதுதான் கேள்வி. அன்று இரவு, "ஆபத்து என்று நிரூபி, இல்லையேல் ஏவுவேன்" என்று ஆகிவிட்டது. கேள்வியைத் திருப்பிப் போட்டாலே போதும், எவ்வளவு நல்ல பொறியாளரும் வாயடைத்துப் போவார். "நிச்சயமாகத் தோற்கும் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டால் நேர்மையான பொறியாளர் "நிச்சயமாகச் சொல்ல முடியாது" என்றுதானே சொல்வார்! அவருடைய நேர்மையே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறது.

இரண்டாவது, தெரிந்தவர்கள் ஓர் ஓரத்திலும் தீர்மானித்தவர்கள் நடுவிலும் இருந்தார்கள். விவாதத்தில் எல்லாருக்கும் இடம், முடிவில் நால்வருக்கு மட்டும் இடம். கூட்டம் என்ற பெயரில் நடந்தது கண்துடைப்பு.

மூன்றாவது, கடைசிக் கேள்வி. எல்லாம் முடிந்த பிறகு "வேறு யாருக்காவது கருத்து உண்டா?" என்று கேட்பது. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து இலையை எடுத்த பிறகு "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?" என்று கேட்பது போல! யார் "வையுங்கள்" என்பார்? ஆனால் குறிப்பேட்டில் மட்டும் "யாரும் மறுக்கவில்லை" என்று பதிவாகிவிடும். அமைதி சம்மதம் ஆகிவிடும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பொறியாளர்கள் பக்கமும் ஒரு குறை இருந்தது. அவசரமாகத் தயாரித்து ஃபேக்ஸில் அனுப்பிய 13 தாள்களில், சேதம் ஏற்பட்ட பயணங்கள் மட்டுமே பேசப்பட்டன. 53 டிகிரியில் ஏவியபோதும் கசிவு, 75 டிகிரியில் ஏவியபோதும் கசிவு. அப்படியானால் குளிருக்கும் கசிவுக்கும் என்ன சம்பந்தம் என்று எதிர்த்தரப்பு மடக்கியது. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்து ஒரே படத்தில் போட்டிருந்தால் கதை வேறு. பின்னால் விசாரணை செய்த ரோஜர்ஸ் ஆணையம் அதைச் செய்து காட்டியது. 65 டிகிரிக்குக் கீழே நடந்த நான்கு பயணங்களில் நான்கிலுமே வளையங்களில் பாதிப்பு. அதற்கு மேலே நடந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே. ஒரு பள்ளிப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும் கணக்கு!

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாய்ஸ்ஜாலிக்குத் தேவைப்பட்டது இன்னும் உரத்த குரல் அல்ல, இன்னும் தெளிவான ஒரு தாள். இந்தப் பாடத்தை எந்தப் பயிற்சி வகுப்பு சொல்லித் தருகிறது?

போஸ்டரும் கூட்டமும்

பேசியவர் கதை அது. பேசாதவர் கதையும் உண்டு.

2003 ஜனவரி 16. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியது. ஏவிய ஒன்றரை நிமிடத்துக்குள் எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. மறுநாள் வீடியோவில் அதைப் பார்த்தவர்கள் கவலைப்பட்டார்கள். நாசா பொறியாளர் ராட்னி ரோச்சா, இறக்கையை வெளியிலிருந்து படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மேலே கேட்டார். மறுத்துவிட்டார்கள். மனம் பொறுக்காமல் ஒரு மின்னஞ்சல் எழுதினார். பாதுகாப்பு இல்லையென்றால் வாய்விட்டுச் சொல் என்று நாசா சுவர்களில் ஒட்டியிருக்கும் போஸ்டர்கள் நினைவிருக்கிறதா, இது அந்த அளவுக்கு முக்கியமான விஷயம் என்று அதில் எழுதியிருந்தார்.

எழுதினார். அனுப்பவில்லை! அச்செடுத்து ஒரு சகபணியாளரிடம் காட்டியதோடு சரி. பிறகு நடந்த மேலாண்மைக் கூட்டத்திலும் அவர் எழுந்து பேசவில்லை. ஏன் என்று பின்னால் கேட்டபோது, நிறுவனத்தில் தான் எங்கோ கீழே இருப்பதாகவும், கூட்டத்தை நடத்தியவர் எங்கோ மேலே இருந்ததாகவும் சொன்னார். 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் கொலம்பியா உடைந்தது. ஏழு பேரும் போனார்கள். கல்பனாவுக்காக இந்தியாவே அழுதது.

கவனிக்க வேண்டியது அந்தப் போஸ்டர். சுவரில் "பேசு" என்று எழுதியிருந்தது. கூட்டத்தின் நடைமுறையோ "பேசாதே" என்றது. மனிதர்கள் சுவரைப் படிப்பதில்லை, முகத்தைப் படிக்கிறார்கள். முன்பு பேசியவனுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்துத்தான் அடுத்தவன் வாயைத் திறப்பான். "எங்கள் அலுவலகத்தில் எப்போதும் கதவு திறந்தே இருக்கும்" என்று பெருமை பேசும் மேலாளர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கதவு வழியாகக் கெட்ட செய்தி கடைசியாக எப்போது உள்ளே வந்தது? அதைக் கொண்டுவந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?

மொழி என்ற சுவர்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இன்னொரு சுவரும் உண்டு. ஆங்கிலம். பள்ளியில் தமிழ் வழி படித்து, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு இயந்திரத்தின் ஒவ்வொரு திருகும் தெரிந்திருக்கும். கூட்டத்தில் அதை ஆங்கிலத்தில் கோர்ப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடும். பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் இல்லாததை சரளமாகச் சொல்லிப் பெயர் வாங்கிவிடுவார்.

இது வெறும் மனக்குறை அல்ல. உயிரைக் குடித்த பிரச்சினை. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியா நாட்டின் அவியாங்கா 52 விமானம் நியூயார்க்கில் இறங்க முடியாமல் வானத்தில் நெடுநேரம் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. அவசரநிலை என்று தெரிவிக்கும்படி தலைமை விமானி துணை விமானியிடம் ஸ்பானிய மொழியில் சொன்னார். துணை விமானி ஆங்கிலத்தில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னதோ, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும்தான். 'அவசரநிலை' என்ற அந்த ஒற்றைச் சொல் வரவில்லை. எரிபொருள் குறைவாக இருக்கிறது என்று சொல்லும் விமானங்கள் அங்கே சகஜம். விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

அவர் பேசத்தான் செய்தார். பணிவாகப் பேசினார். எந்தச் சொல் கேட்டால் எதிர்முனை துள்ளி எழுந்திருக்குமோ, அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அலுவலகக் கூட்டங்களில் "சார், ஒரு சின்ன டவுட்... கொஞ்சம் பார்த்துக்கலாமா?" என்று பணிவில் மூழ்கிப் போகும் எச்சரிக்கைகள் எத்தனை! சொல்லவந்தது "இந்தப் பாலம் தாங்காது". சொன்னது "சின்ன டவுட்". அதே நேரம், மறுமுனையில் இருந்தவர் இன்னும் நேரடியாகக் கேட்டிருந்தாலும் போதுமே? "இன்னும் எத்தனை நிமிடத்துக்கு எரிபொருள் இருக்கிறது?" என்று! பாதித் தவறு சொன்ன விதத்தில், பாதித் தவறு கேட்ட விதத்தில்.

பாதிப் பாடம்

இந்த "பாதி, பாதி" விஷயத்தை விமானத் துறை சீக்கிரமே புரிந்துகொண்டது. 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் 173 என்ற விமானம் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்திலேயே தலைமை விமானியின் கவனம் நின்றுவிட்டது. எரிபொருள் குறைவதை மற்றவர்கள் கவனித்தார்கள், மெல்லச் சொல்லவும் சொன்னார்கள். அவர் காதில் அது ஏறவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள்.

விசாரித்த போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரே மூச்சில் இரண்டு பரிந்துரைகள் செய்தது. விமானிக் குழுவில் கீழே இருப்பவர்களுக்கு உறுதியாகப் பேசப் பயிற்சி. தலைமை விமானிகளுக்கு, மற்றவர்களின் பங்கேற்போடு முடிவெடுக்கப் பயிற்சி. இரண்டும் சேர்ந்ததுதான் மருந்து. 1981-ல் யுனைடெட் நிறுவனம் இந்தப் பயிற்சியைத் தொடங்கியது. பிறகு உலகம் முழுவதும் விமானிகளுக்கு இது கட்டாயப் பாடமானது.

சாஃப்ட் ஸ்கில்ஸ் வியாபாரம் செய்தது என்ன? இந்த மருந்தில் பாதியை மட்டும் எடுத்துப் புட்டியில் அடைத்தது. கீழே இருப்பவனுக்கு "பேசு" என்ற பயிற்சியை விற்றது. மேலே இருப்பவருக்கு "கேள்" என்ற பயிற்சியை விற்கவில்லை. ஏன்? காசு கொடுத்துப் பயிற்சியாளரைக் கூப்பிடுவதே மேலே இருப்பவர்தானே!

திருக்குறளில் அவை அஞ்சாமை என்றொரு அதிகாரம் இருப்பதை இந்தப் பயிற்சியாளர்கள் தவறாமல் சொல்வார்கள். அதே திருக்குறளில், தவறு கண்டால் இடித்துச் சொல்வாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், கெடுப்பவர் யாருமே இல்லாவிட்டாலும் தானே கெட்டுப் போவான் என்று சொல்லியிருப்பதை ஏனோ மறந்துவிடுவார்கள். வள்ளுவர் இரண்டு பக்கமும் பேசினார். இவர்கள் ஒரு பக்கம் மட்டும் படிக்கிறார்கள்.

விதியை மாற்றினால் குரல் வரும்

"எல்லாரும் பேசுங்கள் என்று சொல்லத்தான் முடியும், வாயில் விரலை விட்டா பேச வைக்க முடியும்?" என்று மேலாளர்கள் கேட்பார்கள். முடியும்! அதற்கு வழிகள் உண்டு, பழைய வழிகள், நிரூபிக்கப்பட்ட வழிகள்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தியை வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும், செவிலியர் உட்பட, தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒருமுறை வாய் திறந்தவருக்கு இரண்டாவது முறை திறப்பது எளிது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைச் சோதித்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. எல்லாப் புகழும் அந்த அறிமுகத்துக்கு மட்டும் உரியது அல்ல. பட்டியலில் வேறு பல சோதனைகளும் உண்டு. ஆனாலும் செவிலியருக்குத் தைரிய வகுப்பு எடுத்து வந்த பலன் அல்ல இது. அறையின் விதி மாறியதால் வந்த பலன்.

இந்திய ராணுவத்தின் ராணுவ நீதிமன்றங்களில் ஒரு வழக்கம் உண்டு. தீர்ப்புக்கு முன் உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும்போது பதவியில் இளையவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். பழங்கால யூதர்களின் நீதி மன்றத்திலும், உயிர்த் தண்டனை வழக்குகளில் இளையவர்களே முதலில் பேசினார்கள். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளையவர் வாயிலிருந்து "சார் சொன்ன மாதிரி" என்பதைத் தவிர வேறொன்றும் வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! சல்யூட் அடித்தே பழகிய ராணுவத்தால் முடிகிறது. ஏசி அறையில் டீ குடித்துக்கொண்டு நடக்கும் கூட்டத்தில் முடியாதா?

அப்படியானால் இளையவர் சும்மா இருக்கலாமா?

இருக்கக் கூடாது. விதி மாறும் வரை காத்திருந்தால் பதவி ஓய்வே வந்துவிடும். ஆனால் செய்ய வேண்டியது குரலை உயர்த்துவது அல்ல, வேறு சில.

கூட்டத்துக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். பெரும்பாலான முடிவுகள் கூட்டத்துக்கு வெளியில்தான் பழுக்கின்றன. சொல்லப் போவதை முதல் நாளே ஒரு மூத்தவரிடம் சொல்லி வைத்தால், மறுநாள் அறையில் தனிக்குரலாக நிற்க வேண்டியதில்லை.

சொல்வதை மூன்று வரியில் சொல்ல வேண்டும். என்ன நடக்கிறது, விட்டால் என்ன ஆகும், இப்போது என்ன செய்ய வேண்டும். "சின்ன டவுட்" வேண்டாம். "இந்தச் சோதனை முடியவில்லை. முடிக்காமல் அனுப்பினால் வாடிக்கையாளரின் கணக்கு தப்பாகும். இரண்டு நாள் வேண்டும்." அவ்வளவுதான். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே சொல்லலாம். எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் எழுதிக் கொடுக்கலாம். இலக்கணப் பிழையோடு வந்த சரியான எச்சரிக்கை, பிழையில்லாமல் வந்த வெட்டிப் பேச்சைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கேள்வி இடம் மாறினால் அதை உடனே சுட்டிக்காட்ட வேண்டும். "ஆபத்து என்று என்னால் நிரூபிக்க முடியாது, பாதுகாப்பானது என்று யாரால் நிரூபிக்க முடியும்?" இந்த ஒரு கேள்வி பல கூட்டங்களின் திசையை மாற்றும்.

அடுத்து, அடுத்தவருக்காகப் பேசுவது. அமெரிக்க அதிபர் ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் பணிபுரிந்த பெண்கள் கையாண்ட உத்தி 2016-ல் செய்தியானது. ஒரு பெண் நல்ல யோசனை சொன்னால், இன்னொரு பெண் அவர் பெயரைச் சொல்லியே அதைத் திரும்பச் சொல்வார். யோசனையும் தொலையாது, சொன்னவர் பெயரையும் வேறொருவர் தட்டிப் பறிக்க முடியாது. இதற்குப் பதவி வேண்டாம், அனுபவம் வேண்டாம். "அவர் சொன்னதை முடிக்கட்டும்" என்று சொல்ல எத்தனை ஆண்டு அனுபவம் தேவை?

கடைசியாக, கையெழுத்து. அந்த 1986 இரவில் ஃப்ளோரிடாவில் இருந்த தயோக்கால் அதிகாரி ஆலன் மெக்டொனால்ட், ஏவலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வேறொருவர் போட்டு அனுப்பினார். விண்ணோடம் பிழைக்கவில்லைதான். ஆனால் பிறகு விசாரணை ஆணையத்தின் முன் உண்மையை அவர் சொன்னார். கம்பெனி அவரை ஓரங்கட்டியது. அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டபின் மீண்டும் பொறுப்புக்கு வந்து, அதே இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்குத் தலைமை வகித்தார். பாய்ஸ்ஜாலி அந்த வேலையில் தொடரவே முடியவில்லை. உண்மை பேசியவருக்கு விலை உண்டு. அதை மறைத்து, "பேசு, பிரமோஷன் வரும்" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பது மோசடி.

தலைவர் யார்?

குரூப் டிஸ்கஷன் நடத்தும் கல்லூரிகளும் நிறுவனங்களும் ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்கட்டும். எவ்வளவு பேசினான் என்று எண்ணுவதோடு, யாரைப் பேச வைத்தான் என்றும் எண்ணட்டும். பத்துப் பேரில் வாய் திறக்காமல் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்து "நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்களே?" என்று கேட்டவனுக்கு அதிக மதிப்பெண் கொடுக்கட்டும். தன் கருத்து தப்பு என்று தெரிந்ததும் "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று மாற்றிக்கொண்டவளுக்கு இன்னும் அதிகம் கொடுக்கட்டும். அடுத்த ஆண்டே மாணவர்கள் கேட்கக் கற்றுக்கொள்வார்கள். மதிப்பெண் எங்கே போகிறதோ அங்கே மாணவன் போவான், இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை!

இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து குரல் கேட்கப்படவில்லையே என்று வருந்துபவர்தான், பத்து ஆண்டு கழித்து மேசையின் தலைப்பில் உட்காரப் போகிறவர். அன்றைக்கு அவர் முதலில் பேசுவாரா, கடைசியில் பேசுவாரா? கெட்ட செய்தி கொண்டுவந்தவனைக் கோபத்தோடு பார்ப்பாரா, நாற்காலி போட்டு உட்காரச் சொல்வாரா? தலைமைப் பண்புக்கான தேர்வு அந்த அறையில்தான் நடக்கும், செமினார் ஹாலில் அல்ல.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். சரி. ஆனால் அந்த விண்ணோடத்தில் இருந்த ஏழு பேரும் பிழைக்க வேண்டுமானால், வாயுள்ள பிள்ளை மட்டும் போதாது. காதுள்ள பெரியவர்களும் வேண்டும்.